கம்பளி மாற்றும் நேரம்

நார்வேயின் வடக்கு விளிம்பில்
நவம்பர் கடைசியில் போன சூரியன்
ஜனவரி பாதி கழிந்தும் வரவில்லை.
இருட்டில் வந்து இருட்டில் போகிறார்கள் குழந்தைகள்.
நடுவில் இருப்பது மழலையர் பள்ளியின் மஞ்சள் விளக்கு,
ஈரக் காலுறைகள் வேகும் அலமாரி,
கூன்வோர்.

நாளைக்குப் பதினாலு பேரை உரிக்கிறாள்,
வெங்காயம் உரிப்பதுபோல.
மேலங்கி, கம்பளிச் சட்டை, உள்கம்பளி,
கடைசியில் ஒரு தொப்புள், ஒரு கெக்கலிப்பு.

சிந்த்ரேவுக்கு நாலு வயது.
பனியில் உருண்டு கழுத்துவரை நனைந்திருந்தான்.
உள்கம்பளியை உயர்த்தினாள்,
கைகளைத் தூக்கினான்.
சட்டைக்குத் தோதாக அல்ல,
முகத்தை மறைக்க.

விலாவுக்குக் கீழே நான்கு தடங்கள்
வரிசை தப்பாமல்.
பனியில் விழுகிறவன்
வரிசை பார்த்தா விழுவான்?

யார் என்று அவள் கேட்கவில்லை.
கேட்கக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள்,
கேள்வியே பதிலைக் கற்றுக்கொடுத்துவிடுமாம்.
"இந்தச் சட்டை சூடா இருக்கு, தொட்டுப் பாரு" என்றாள்.
"ம்" என்றான்.

பதினோரு வருடம் முன்பு ரூனா என்றொரு பெண்.
மாடிப்படியில் விழுந்தாள் என்றார்கள்.
கூன்வோர் குறிப்பேட்டில்
'மாடிப்படி' என்று அழகான கையெழுத்தில் எழுதினாள்.
பிறகு ஒருநாள் பிறந்தநாள் கேக் சாப்பிட
அந்த வீட்டுக்குப் போனாள்.
மாடியே இல்லாத வீடு.

"உறுதியாத் தெரியுமா?" என்கிறாள் தலைமை ஆசிரியை சோல்ஃப்ரிட்.
"தெரியாது."
உறுதியைச் சட்டமும் கேட்கவில்லை.
நம்பக் காரணம் உண்டா என்கிறது, அவ்வளவுதான்.
தெருவில் போகிறவன் பெயர் சொல்லாமல் சொல்லலாம்.
இவளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

படிவத்தின் பெயர் கவலை அறிவிப்பு.
புகார் என்று அவர்கள் சொல்வதில்லை.
(நம் மொழியில் புகாருக்கு
மூடுபனி என்றும் ஒரு பொருள் உண்டு.
இந்தத் தாளில் பனிக்கு இடமில்லை.
எத்தனை தடம், என்ன நிறம், எந்தப் பக்கம்,
மணி பத்து நாற்பது.)

பையனின் அப்பா ஓட்வார்
பனி வாரும் வண்டி ஓட்டுகிறவன்.
விடிகாலையில், விடியாத அந்தக் காலையில்,
ஊருக்கு முன்னால் இவள் வாசலை வாரிவிட்டுப் போவான்.
காசு நீட்டினால் கையை உதறுவான்.
இன்றும் வாரியிருந்தான்.
அம்மா மீன் ஆலையில் இரவு வேலை.
தடம் யார் கையுடையது என்று
கூன்வோருக்குத் தெரியாது.
தெரியாததையும் எழுதினாள்: தெரியாது.

அனுப்பினாள்.
கை நடுங்கியதால் இரண்டுமுறை அனுப்பினாள்.

தொலைபேசியில் ஒரு பெண் குரல்:
இன்றே வருகிறோம். பையன் அங்கேயே இருக்கட்டும்.
பெற்றோரிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.
பிறகு சற்றே தயங்கி,
கணவாய்ச் சாலை மூடியிருக்கிறதாமே?

மூடித்தான் இருந்தது.
புயல் நாளில் அங்கே தனி வண்டி போகாது.
பனிவாரி முன்னே கிழித்துக்கொண்டு போக
மற்ற வண்டிகள் அதன் விளக்கைப் பிடித்தபடி
ஊர்ந்து வர வேண்டும்.
இன்று பனிவாரியில் யார் முறை என்று
அவளுக்குக் கேட்காமலே தெரியும்.

நாலு மணி. நாலரை.
மற்ற கொக்கிகள் காலியாகிவிட்டன.
தரையில் உட்கார்ந்து இருவரும்
மரக்கட்டையில் ஒரு பாலம் கட்டினார்கள்.
விழுந்தது. கட்டினார்கள்.

ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம் சுழன்றது.
"அப்பா" என்றான் சிந்த்ரே.
அந்தக் குரலில் என்ன இருந்தது என்று எழுத
படிவத்தில் ஒரு கட்டம் இல்லை.

மூக்கைக் கண்ணாடியில் அழுத்தி
பின்னால் வரும் விளக்குகளை எண்ணினான்.
ஒண்ணு. ரெண்டு.
எல்லா வண்டிகளையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த ஓட்வார்
கையசைத்து வழிவிட்டான்.

மூன்றாவது
பள்ளிப் பக்கம் திரும்பியது.